வட கரேலியா திட்டம்
பின்லாந்தின் கிழக்கு எல்லை மாகாணமான வட கரேலியாவில் மக்களின் கொலஸ்ட்ராலையும் புகைப்பழக்கத்தையும் குறைக்க 1972-இல் தொடங்கிய திட்டம். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் அடுத்தடுத்து இறக்கவே, மாகாணத்தாரே முந்தைய ஆண்டு அரசிடம் மனு கொடுத்தனர். இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையேற்றார். ரொட்டியில் தடிமனாகப் பூசிய வெண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் அங்கே அன்றாட உணவு. மார்த்தா பெண்கள் சங்கத்தார் ஊர் ஊராக, பழகிய இறைச்சிக் குழம்பையே கொழுப்பைக் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்துப் பரிமாறினர். அறிவுரையைவிட இந்தப் பந்திகளே மக்களிடம் எடுபட்டன. வெண்ணெயின் இடத்தைத் தாவர எண்ணெய் பிடித்தது. பால்பண்ணைக்காரர் சிலர் பெர்ரி சாகுபடிக்கு மாறினர். ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 1972-இல் லிட்டருக்குச் சுமார் 6.9 மில்லிமோல்; 2012-இல் ஏறக்குறைய 5.4. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் வருமுன்பே இச்சரிவு தொடங்கிவிட்டது. உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.