வலி மாத்திரையும் நான் படிக்காத இணைப்பும்

புதுச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். இணைப்புகளை வரி விடாமல் படித்த பிறகுதான் கோப்பை மேலே அனுப்புவான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள், சிலர் எரிச்சலோடு சொன்னார்கள். அப்படிப்பட்டவன் ஒரு மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் மூன்று வாரம் விழுங்கினேன். அந்தக் கதையையும், அதன் பிறகு நான் தேடிப் படித்த பழைய கதையையும் சேர்த்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எனக்கு முழங்கால் வலி பல ஆண்டுகளாக உண்டு. ஒரு மழைக்காலத்தில் அது பொறுக்க முடியாமல் போயிற்று. தெருமுனை மருந்துக்கடையில் சொன்னேன். அட்டையிலிருந்து பத்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்தார்கள். டைக்ளோஃபெனாக் என்று அட்டையின் பின்புறம் பாதி எழுத்து தெரிந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடந்து திரும்பினேன். தீர்ந்ததும் மறுபடி பத்து, பிறகு இன்னும் பத்து.

மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார் போலக் கறுத்துப் போயிருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டேன். ஒரு காலை குளியலறையில் கண் இருட்டி விழுந்தேன். மகள் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்திருந்தது. கிரியாட்டினின் இரண்டைத் தாண்டியிருந்தது. வயிற்றில் புண், அதிலிருந்து கசிந்த ரத்தம்.

என் பேரன் வயதுள்ள டாக்டர் கேட்டார்: "சார், இந்த மாத்திரையை யாரு எழுதிக் குடுத்தது?"

"நானேதான் தம்பி."

"ரத்த அழுத்தத்துக்கு ரெண்டு மாத்திரை, அதுல ஒண்ணு நீர் பிரியறதுக்கு. இதயத்துக்கு ஆஸ்பிரின் வேற. இதெல்லாம் சாப்பிடுறீங்கன்னு கடையில சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

வீடு திரும்பிய பிறகு பிரான்சில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, பெட்டிக்குள்ள இருக்கிற நொத்திஸைப் படிச்சியா இல்லையா?" பிரான்சில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத் தாளுக்கு நொத்திஸ் என்று பெயர். யார் சாப்பிடக் கூடாது, எதனோடு சேரக் கூடாது, என்ன ஆனால் உடனே நிறுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நமக்குப் பெட்டியே கிடையாது, கத்தரித்த அட்டைதான். "இணைப்பு இல்லாத கோப்பு" என்று அவளிடம் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது, அதன் கோப்பு எது என்று தேடத் தொடங்கினேன்.

கோப்பின் முதல் தாள் 1763ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் இருந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோ மரத்தின் பட்டையைக் காயவைத்து இடித்துக் குளிர்காய்ச்சல் கண்ட ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்ததாகவும், பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்ததாகவும் அதில் சொன்னார். நம் ஊர் ஆற்றங்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை அந்த மரத்தின் உறவுதான்.

அடுத்த சில தாள்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது ஒரு சின்ன சந்தோஷம். 1829இல் வித்ரி-லெ-பிரான்சுவா ஊரின் மருந்தாளுநர் ஆன்ரி லெரூ அந்தப் பட்டையிலிருந்து சாலிசின் என்ற பொருளைப் படிகமாகப் பிரித்தார். 1838இல் பாரிஸில் வேலை செய்த இத்தாலியர் ரஃபாயேலே பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை எடுத்தார். 1853இல் ஸ்ட்ராஸ்பூரில் பிறந்த ஷார்ல் பிரெடெரிக் ஜெரார், பின்னாளில் ஆஸ்பிரின் எனப்பட்ட பொருளைத் தூய்மையற்ற வடிவில் முதலில் உண்டாக்கினார். அதற்கு ஒரு பயன் உண்டென்று அவர் கருதவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்.

1870களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் மக்லகனும் பாரிஸின் ஜெர்மேன் சேயும் மூட்டு வாதக்காரர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து வலியும் வீக்கமும் குறைவதைக் கண்டார்கள். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. குமட்டல், வயிற்றெரிச்சல், காதில் இரைச்சல். மருந்து பிறந்தபோதே பக்கவிளைவும் கூடவே பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897இல் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் இதைத் தூய வடிவில் செய்தார். மூட்டு வலிக்காரரான அவருடைய தகப்பனாருக்கு பழைய மருந்து வயிற்றில் ஒத்துக்கொள்ளாததால் மகன் இதைத் தேடினார் என்று ஒரு கதை உண்டு. அந்தப் பெருமையில் தமக்கும் பங்கு உண்டு என்று அவருடன் வேலை பார்த்த ஆர்தர் ஐஷன்கிரூன் 1949இல் எழுதினார். யாருடையதாக இருந்தாலும், 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயரோடு அது கடைக்கு வந்தது. வயிற்றுக்கு இதமானது என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நின்றது. 1938இல் லண்டனில் டவுத்வெயிட், லின்டாட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் வயிற்றுக்குள் குழாய் விட்டு நேரில் பார்த்தார்கள். மாத்திரைத் துணுக்கு ஒட்டியிருந்த இடங்களில் வயிற்றின் உட்சுவர் சிவந்து புண்ணாகியிருந்ததைக் கண்டார்கள்.

பிறகு புதிய மாத்திரைகள் வரிசையாக வந்தன. 1949இல் ஃபெனில்பியூட்டசோன். அது சிலருக்கு ரத்த அணுக்களையே வற்ற வைத்ததால் பின்னாளில் மனிதர்களுக்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 1960களில் இண்டோமெத்தசின். 1969இல் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினர் கண்டுபிடித்த ஐபுபுரோஃபென். 1970களில் நான் விழுங்கிய டைக்ளோஃபெனாக். முந்தையதைவிடத் தொல்லை குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் ஒவ்வொன்றையும் தேடினார்கள். தொல்லை கூடக்குறைய இருந்ததே தவிர, போய்விடவில்லை.

ஏன் என்பதற்கு விடை 1971இல் வந்தது. லண்டனில் ஜான் வேன் என்ற ஆராய்ச்சியாளர், இந்த மருந்துகள் உடம்பில் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விஷயம் இதுதான். அடிபட்ட மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது புரோஸ்டாகிளான்டின். வயிற்றின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே புரோஸ்டாகிளான்டின். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகத்தின் குழாய்களை விரித்து வைத்திருப்பதும் அதுதான். மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வலி போனதும் வயிறு புண்ணானதும் இரண்டு வேறு சம்பவங்கள் இல்லை. ஒரே உத்தரவின் இரண்டு நகல்கள். ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து ரத்தத்தின் வழியாகவும் வயிற்றைத் தொடுவதால் ஊசியும் முழுப் பாதுகாப்பு இல்லை.

அறிவியலார் விடவில்லை. தடுக்கப்படும் நொதியில் இரண்டு வகை உண்டென்று 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. வீக்கத்துக்கான வகையை மட்டும் தடுத்தால் வயிறு தப்பும் அல்லவா? அப்படி வந்ததுதான் ரோஃபெகாக்சிப். மெர்க் நிறுவனம் 1999இல் வையாக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. வயிற்றுப் புண் குறைந்தது உண்மை. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2004 செப்டம்பர் 30 அன்று அதை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் வழக்குகளைத் தீர்க்க 2007இல் அந்த நிறுவனம் 485 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு பழைய மாத்திரைகளையும் மறுபடி சோதித்தார்கள். டைக்ளோஃபெனாக்கும் இதயத்துக்கு ஏறக்குறைய அதே அளவு ஆபத்து உள்ளது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013இல் எச்சரித்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் மாத்திரை விற்பதை இங்கிலாந்து 2015இல் நிறுத்தியது. பிரான்சில் 2020 ஜனவரி முதல் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், பாராசிட்டமால் மூன்றையும் வாடிக்கையாளர் தானே எடுக்கும் தட்டிலிருந்து நீக்கி, மருந்தாளுநரின் மேசைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் அவரும் நாலு கேள்வி கேட்பார்.

சிறுநீரகத்தின் கதையை நமக்குச் சொன்னவை கழுகுகள். சிறு வயதில் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் கழுகு இறங்குவதைப் பார்த்த தலைமுறை நாங்கள். 1990களில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுக் கழுகில் 2007க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்று 2004இல் தெரிந்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் சில நாளில் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று மிஞ்சியவை பெரும்பாலும் முதுமலை, மாயாறு பக்கத்தில்தான். மனிதனுக்கும் கழுகுக்கும் உடம்பு ஒன்றல்ல. ஒரு கழுகைக் கொன்ற அளவு நம்மைக் கொல்லாது. ஆனாலும் என் கிரியாட்டினின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது அந்தப் பறவைகளோடு எனக்கு ஓர் உறவு ஏற்பட்டது.

இனி, எனக்கு யாரும் தராத இணைப்புத் தாளை உங்களுக்காக எழுதிவிடுகிறேன். இது டாக்டர் எனக்குச் சொன்னதும் நான் படித்ததும்தான், உங்கள் டாக்டருக்குப் பதில் அல்ல.

இந்த வகை மாத்திரை அவசியம் என்றால் மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாளுக்கு. சாப்பிட்ட பிறகு எடுப்பது எரிச்சலைக் குறைக்கலாம், புண்ணை முழுதாகத் தடுக்காது. இந்த வகையில் இரண்டை ஒன்றாகச் சாப்பிடக் கூடாது. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். ஆகவே அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள், கத்தரிக்கும்போது பெயர் உள்ள பகுதியோடு கேட்டு வாங்குங்கள்.

ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, இதனோடு வலி மாத்திரை என மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். எனக்கு நடந்தது அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், முன்பு வயிற்றுப் புண் வந்தவர்கள், இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. டாக்டர் இதயத்துக்கென்று கொடுத்த சிறிய ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஒருபோதும் கூடாது. வாந்தி, பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போதும் இவை சிறுநீரகத்துக்கு ஆகாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் வயிறு ஓரளவு தப்பும், சிறுநீரகம் தப்பாது.

மலம் கறுத்தாலோ, காப்பித்தூள் போல வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்து கால் வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ கூச்சப்படாமல் அன்றே சொல்லுங்கள். நான் கூச்சப்பட்ட நான்கு நாளில்தான் என் ரத்தம் அவ்வளவும் போயிற்று.

இந்த மருந்துகளை நான் பழிக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேரை எழுப்பி நடக்க வைத்தவை அவை. வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்பவனும் அல்ல நான். தீங்கே இல்லாத வலி மாத்திரையை இருநூற்று அறுபது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் கிரியாட்டினின் இப்போது 1.4இல் நிற்கிறது. பழைய நிலைக்கு வராது என்கிறார்கள். முழங்காலுக்கு டாக்டர் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார், அதற்கும் ஒரு நாளின் உச்ச அளவு எழுதியிருக்கிறார். தொடைத் தசைக்குப் பயிற்சி செய்கிறேன். வலிக்கும் இடத்தில் மேலே தடவும் களிம்பு ஒன்று, அதுவும் அவரைக் கேட்டுத்தான். காந்தி சிலை வரை போவதில்லை, பாதி வழியில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். சட்டைப்பையில் நான் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. எந்த மருந்துக்கடையிலும், எந்த டாக்டரிடமும் முதலில் அதை நீட்டுகிறேன்.

நீங்களும் இன்றைக்கே ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.