காற்றுக்குழாயில் குருதி!

ஸ்டோமா, சைலம், ஃபுளோயம், டிரக்கியா, டிரக்கீடு! உயிரியல் பாடவேளையில் மாணவர் வாயிலிருந்து வரிசை பிறழாமல் வந்து விழுகின்றன இச்சொற்கள். பொருள் யாது என்று கேட்டால் விழிக்கிறார்கள். விழிப்பது அவர்கள் குற்றமா? அல்ல. 'ஒலி பிசகாதே, பொருள் கேளாதே' என்று காலமெல்லாம் மந்திரம் ஓதப் பழக்கப்பட்ட நாடு இது. மந்திரம் எழுந்த இருக்கையில் மருட்டும் சொல் வந்து அமர்ந்துகொண்டது. கலைப்பாடம் பயின்று ஆசிரியப் பணிக்கு வந்த நாமும் இச்சொற்களைக் கண்டு அஞ்சியதுண்டு. அவற்றின் வரலாற்றைத் தேடிப் புகுந்த பிறகே அச்சம் அகன்றது.

மருட்டும் இச்சொற்கள் எங்கே பிறந்தன? கோயில் கருவறையிலா? இல்லை, கிரேக்க நாட்டுச் சந்தையிலும் சமையற்கட்டிலும்! 'ஸ்டோமா' என்றால் வாய். இலையில் காற்று புகுந்து வெளிவரும் நுண்துளைக்கு அப்பெயர். 'சைலான்' என்றால் மரக்கட்டை. 'ஃபுளோயோஸ்' என்றால் மரப்பட்டை. இவ்விரு சொற்களிலிருந்தே சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலார் நேகெலி 1858-ல் சைலம், ஃபுளோயம் என்ற பெயர்களை ஆக்கினார். கண்ணின் நிறவளையமான 'ஐரிஸ்' வானவில்லைக் குறிக்கும் சொல்.

அரிஸ்டாட்டிலின் மாணாக்கர் தியோஃபிராஸ்டஸ், செடிகொடிகளின் உடற்கூற்றை எழுதப் புகுந்தபோது பெயரின்றித் தவித்தார். என் செய்தார்? விலங்கின் உடலிலிருந்து நாளம், நார், சதை என்ற பெயர்களைச் செடிக்குக் கடன் வாங்கினார். இவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. ஒப்புமை பற்றியே இப்பெயர் இடுகிறோம் என்று ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அறிவுடையோர் பெயரிடும் முறை அதுதான்!

எனினும், எளிய சொல்லுக்குள்ளும் பொய் குடிபுகுந்துவிடக் கூடும். கிரேக்கர் முதலில் மூச்சுக்குழலை 'ஆர்டீரியா' என்றனர். பிறகு உடலெங்கும் துடிக்கும் நாடிக்குழாய்களுக்கும் அதே பெயரை இட்டனர். மூச்சுக்குழலுக்கும் நாடிக்குழாய்க்கும் ஒரே பெயரா? ஆம்! நாடிக்குழாயிலும் காற்றே ஓடுகிறது என்று பலர் நம்பினர். இரண்டையும் வேறுபடுத்த, வளையங்கள் புடைத்து நிற்கும் மூச்சுக்குழலைக் 'கரடான ஆர்டீரியா' என்றனர். காலப்போக்கில் பெயர்ச்சொல் நாடிக்குழாயோடு போயிற்று. 'கரடான' என்ற அடைமொழி மட்டும் மூச்சுக்குழலிடம் தங்கிற்று. அந்த அடைமொழியே 'டிரக்கியா'! நாடிக்குழாயை ஆங்கிலத்தில் 'ஆர்டரி' என்கின்றனர். நம் பாடநூல்கள் அதைத் 'தமனி' என்கின்றன. அந்த வடசொல்லும் 'ஊதுதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்ததே.

காற்று ஓடுகிறது என்று கிரேக்கர் நம்பியது ஏன்? அவர்கள் மடையர்களா? அல்லர். பிணத்தை அறுத்துப் பார்த்தால் சிரைகளில் குருதி நிறைந்திருக்கும். தமனிகளோ பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும். கண்டதைக்கொண்டே முடிவுக்கு வந்தனர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எராசிஸ்டிராட்டஸ் என்னும் பேரறிஞரே அவ்வாறு சொன்னார். "உயிருள்ளவன் தமனியை வெட்டினால் குருதி பீறிடுகிறதே!" என்று கேட்டால், அதற்கும் விடை வைத்திருந்தார்: வெட்டியதும் காற்று வெளியேறி வெற்றிடம் ஏற்படுகிறது, அதை நிரப்பச் சிரையிலிருந்து குருதி பாய்ந்து வருகிறதாம்! எவ்வளவு சாமர்த்தியமான விளக்கம்!

வாதத்தால் வெல்ல முடியாததை ஒரு நூல்கயிறு வென்றது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காலன் என்னும் கிரேக்க மருத்துவர், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் கட்டினார். எங்கிருந்தும் குருதி பாய்ந்து வர வழியில்லை. கட்டுகளுக்கு இடையே அறுத்தார். உள்ளே குருதி! பல நூற்றாண்டு நம்பிக்கை, இரண்டு முடிச்சுகளுக்கு இடையே செத்தது.

ஆனால், காலனும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்றார் அவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அவர் வாக்கே வேதமாயிற்று. மூடத்தை உடைத்தவனையே மூர்த்தியாக்கி வணங்குவது மனிதகுலத்தின் பழைய நோய் அல்லவா? குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை 1628-ல் ஹார்வி நிலைநாட்டிய பிறகே அந்த நோய் தணியத் தொடங்கியது. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661-ல் தவளையின் நுரையீரலில், நுண்ணோக்கி வழியே கண்டு காட்டினார் இத்தாலியர் மால்பிகி.

இனிதான் வியப்பு. அந்த மால்பிகியே அதே பொய்க்கு மறுபிறவி கொடுத்தார்! பட்டுப்புழுவை அறுத்து, அதன் உடலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களைக் கண்டார். அக்குழாய்களின் சுவரில் சுருள்சுருளாக இழை. பின்னர்ச் செடியின் தண்டை ஆராய்ந்தார். அங்கும் சுருள் இழை ஓடிய குழாய்கள்! உருவம் ஒன்று எனில் தொழிலும் ஒன்றாகத்தானே இருக்கும்? இவை செடியின் மூச்சுக்குழல்கள் என்று முடிவு கட்டினார். டிரக்கியா என்ற பெயர் புழுவிலிருந்து செடிக்குத் தாவிற்று. அப்பெயரை ஒட்டியே 1863-ல் சானியோ என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் 'டிரக்கீடு' என்ற சொல்லை ஆக்கினார். நம் மாணவர் இன்று ஒப்பிக்கும் சொல் அதுவே.

டிரக்கீடு வழியே ஓடுவது காற்றா? இல்லை, தண்ணீர்! சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு நிறுத்துப் பார்த்து, இலைகள் வெளிவிடும் நீரை அளந்தார் இங்கிலாந்தின் ஹேல்ஸ். அவர் நூல் 1727-ல் வெளிவந்தது. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, வேரிலிருந்து நீர், அறுபடாத இழைபோல் மேலே இழுக்கப்படுகிறது என்ற விளக்கத்தை 1894-ல் டிக்சனும் ஜாலியும் வைத்தனர். தண்டை வெட்டினால் அந்த நீரிழை அறுகிறது. வெட்டுவாய் வழியே காற்று உள்ளே புகுகிறது. பிணத்தின் தமனி வெறுமை. வெட்டிய தண்டின் குழாயிலோ காற்று. அறுத்த பிறகு காண்பதையே உயிரோடிருந்தபோதும் நடந்ததாகக் கொண்டால், கண்ணும் நம்மை ஏய்த்துவிடும். கண்டதோடு நில்லாமல் கட்டிப் பார்த்தும் நிறுத்துப் பார்த்தும் தெளிந்ததே அறிவியல்.

அப்படியானால் டிரக்கீடு என்ற பெயரைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. அப்பெயரை வழங்கும் எவரும் அதில் காற்று ஓடுகிறது என்று நம்புவதில்லை. பொய் செத்தது, பெயர் மட்டும் நடுகல்லாய் நிற்கிறது. நிற்கட்டும்.

சாகாத பொய்யைச் சுமந்து நிற்கும் சொல்லை மட்டும் விட்டுவைக்கலாகாது. 'ஹிஸ்டரா' என்றால் கிரேக்கத்தில் கருப்பை. அது பெண்ணின் உடலுக்குள் இடம்விட்டு இடம் அலைகிறது. அதனால் அவளுக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் வருகின்றன என்று பண்டைய கிரேக்க மருத்துவ நூல்கள் எழுதின. கருப்பை அப்படி அலைவதில்லை என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே சொரானஸ் என்னும் மருத்துவர் மறுத்துரைத்தார். யார் கேட்டார்கள்? 'ஹிஸ்டீரியா' என்ற பெயர் நிலைத்தது. பெண் அழுதாலும், சினந்தாலும், எதிர்த்துப் பேசினாலும் அவள் உறுப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கமும் அதனோடு நிலைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ல் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலில்தான் ஹிஸ்டீரியா என்ற தனி நோய்ப்பிரிவு நீக்கப்பட்டது. ஒரு சொல் ஒழிய எத்தனை நூற்றாண்டுகள்! அதற்குள் எத்தனை பெண்களின் துயரம் கேட்பாரற்றுப் போயிற்று!

தோழர்களே, பழஞ்சொல் எதிர்ப்படும்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இச்சொல் என்ன சொல்கிறது? அது சொல்வதை இன்றும் எவரேனும் நம்பி, எவரையேனும் தாழ்த்துகிறார்களா? தாழ்த்தவில்லையெனில் சொல் வாழட்டும். தாழ்த்தினால் அது கிரேக்கமாயினும், வடமொழியாயினும், நம் தாய்மொழியே ஆயினும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை.

நம் வகுப்பில் இப்போது வழக்கம் மாறிவிட்டது. டிரக்கீடு என்று ஒரு மாணவன் ஒப்பித்தால், "அதில் ஓடுவது என்னடா?" என்று கேட்கிறோம். "தண்ணீர், ஐயா!" என்கிறான். "பிறகு ஏன் காற்றுக்குழாய் என்று பெயர்?" என்றதும் சிரித்துக்கொண்டே கதையைச் சொல்லத் தொடங்குகிறான். மந்திரத்தைக் கண்டு எவனும் சிரித்ததில்லை. பொருள் விளங்கியவனுக்கே அந்தச் சிரிப்பு வரும்.