கப்பலுக்கு ஏன் திருகு?

வ.உ.சிதம்பரனார் 1907-இல் வாங்கிய சுதேசிக் கப்பல் 'எஸ்.எஸ். காலியா' என்று படித்திருப்பீர்கள். அந்த எஸ்.எஸ். என்பதை 'ஸ்டீம் ஷிப்' என்பார்கள். 'ஸ்க்ரூ ஸ்டீமர்' என்றும் விரிப்பதுண்டு. விசிறி மாதிரி சுத்துறதுக்கு ஸ்க்ரூன்னு பேர் ஏன் என்று நானும் தேடிப் பார்த்தேன்.

திருகாணி திருகத் திருக மரத்துக்குள் இறங்குகிறது அல்லவா? முறுக்கிய இதழ்களும் அப்படித்தான். நீரைப் பின்னே தள்ள, கப்பல் முன்னே நகர்கிறது. நீர் விலகிக் கொடுப்பதால் கொஞ்சம் வழுக்கும்.

தொடக்கத்தில் அது நிஜத் திருகேதான். 1836-இல் காப்புரிமை பெற்ற பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், இரண்டு சுற்று மரத்திருகைப் படகில் பொருத்தினார். 1837-இல் லண்டன் கால்வாயில் அதில் பாதி உடைந்தது. படகு இன்னும் வேகமெடுத்தது! அப்புறம் திருகு குட்டையாகி, இதழ்களானது. 1845-இல் திருகுக் கப்பல் 'ராட்லர்', சக்கரக் கப்பல் 'அலெக்டோ'வைப் பின்னோக்கி இழுத்தே காட்டியது.

முல்லைப் பெரியாறு அணையால் உண்டான நம் தேக்கடி ஏரியிலும் படகைத் தள்ளுவது அதன் வாரிசுதான். வடிவம் மாறியும் பேர் நின்றது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் 'திருகு' என்றே சொல்லிக் கொடுப்போம். சொல்லோடு வரலாறும் கூடவே வரும்.