எலும்பிலிருந்து நடைக்கு: மாணவர்கள் எழுதிய ஒரு வரலாறு

அழிந்துபோன விலங்கிலிருந்து நமக்கு எஞ்சுவது பெரும்பாலும் எலும்பு மட்டுமே. வாய்ப்பிருந்தால், சேற்றில் பதிந்து கல்லாகிவிட்ட காலடித்தடமும். தசையும் குருத்தெலும்பும் போய்விட்டன. இருந்தும் அது எப்படி நடந்தது, எவ்வளவு விரைந்தது, எவ்வளவு வலுவாகக் கடித்தது என்று நாம் கேட்காமல் இருப்பதில்லை. உடலை நெம்புகோலாகவும் தூணாகவும் கயிறாகவும் கண்டு இக்கேள்விகளுக்கு விடை தேடும் துறையை உயிர்விசையியல் எனலாம். இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அதன் திருப்பங்கள் பலவற்றில் மாணவர்களின் கை இருக்கிறது. அது தற்செயல் அல்ல என்பதே நம் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை டைனோசர் என்றாலே சதுப்பில் ஊறிக்கிடக்கும் மந்தமான பிராணி என்றுதான் பாடநூல்கள் சொல்லின. 1964இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் கண்டெடுத்த டைனோனைக்கஸ் அந்தச் சித்திரத்தைக் குலைத்தது. காலில் அரிவாள் போன்ற நகம். எலும்புக் கம்பிகளால் விறைப்பாக்கப்பட்ட வால். விரைந்து திரும்பவும் ஒற்றைக்காலில் நின்று தாக்கவும் வல்ல உடல் இது என்று ஆஸ்ட்ரம் 1969இல் எழுதினார். அந்நூலுக்காக ஓடும் டைனோனைக்கஸை வரைந்தவர் அவருடைய மாணவர் ராபர்ட் பேக்கர். முதுகு தரைக்கு இணையாக, வால் பின்னால் நீண்டு, ஒரு கால் காற்றில். ஓடும் விலங்கை வரைகிறவர் உடலின் எடை எந்தக் காலின்மேல் விழுகிறது என்று முடிவு செய்தே தீரவேண்டும். அவ்வகையில் அந்த ஓவியமும் ஒரு கருதுகோள்தான்.

ஆனால் கருதுகோளுக்கு அளவுகோல் வேண்டுமே. அதைத் தந்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் மெக்நீல் அலெக்சாண்டர். கப்பல்களின் அலை எதிர்ப்பை ஆராய வில்லியம் ஃப்ரூட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயன்படுத்திய விகிதத்தை அவர் கால்களுக்குப் பொருத்தினார். தடங்களுக்கு இடையிலான தூரமும் இடுப்பின் உயரமும் தெரிந்தால் வேகம் கிடைத்துவிடும். இடுப்பின் உயரத்தைப் பாத நீளத்தின் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கொள்ளலாம். 1976இல் வெளியான அவரது கட்டுரையின்படி, ஆராய்ந்த தடங்களுக்கு உரிய டைனோசர்கள் நொடிக்கு 1 முதல் 3.6 மீட்டர் வரையே நகர்ந்திருந்தன. மனிதர் நடப்பதும் மெல்ல ஓடுவதுமான வேகம் அது. பொம்மை டைனோசரை நீரில் அமிழ்த்திக் கனஅளவு கண்டு, அதிலிருந்து மெய்யான விலங்கின் எடையைக் கணித்தவரும் அவரே. அளவுநாடாவும் பள்ளிக் கணக்கும் போதும் என்ற நிலை வந்தபின் இத்துறையின் கதவு மாணவர்க்கு அகலத் திறந்தது.

அக்கதவின் வழியே வந்தவர்களில் ஒருவர் ஜான் ஹட்சின்சன். ஒரு காலத்தில் ஓடும் டைனோசரை வரைந்த பேக்கர், பிற்காலத்தில் டைரனோசரஸ் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடியிருக்கும் என்றார். 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தில் அது ஜீப்பைத் துரத்தியதை உலகமே பார்த்தது. பெர்க்லியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஹட்சின்சன் கேட்டது வேறு கேள்வி: அப்படி ஓட எவ்வளவு தசை தேவைப்படும்? இயந்திரப் பொறியாளரான மரியானோ கார்சியாவுடன் சேர்ந்து முதலில் கோழியிலும் முதலையிலும் அவர் கணக்கைச் சரிபார்த்தார். கணக்கு உண்மையோடு பொருந்தியது. பிறகு கோழியை 6000 கிலோ எடைக்குப் பெருக்கிப் பார்த்தார்கள். அந்தக் கோழி ஓடவேண்டுமானால் ஒவ்வொரு காலுக்கும் உடல் எடையில் 99 சதவீதம் தசையாக இருக்கவேண்டும்! எடை கனஅளவோடு பெருக, தசையின் வலிமையோ குறுக்குப்பரப்போடு மட்டுமே வளர்கிறது என்பதால் வரும் விளைவு இது. டைரனோசரஸுக்கும் அதே விதிதான். அதன் உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க இயலாது என்று 2002இல் எழுதினார்கள். ஒரு தலைமுறையின் மாணவர் தொடங்கிவைத்த சித்திரத்தை அடுத்த தலைமுறையின் மாணவர் திருத்தினார்.

ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்தவர் எமிலி ரேஃபீல்ட். பாலங்களையும் விமான உறுப்புகளையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுத்து, எங்கே விசை குவிகிறது என்று பொறியாளர்கள் கணினியில் பார்ப்பது வழக்கம். அம்முறையை அவர் சி.டி. ஸ்கேன் செய்யப்பட்ட அலோசரஸ் மண்டையோட்டுக்குப் பயன்படுத்தினார். தாடைத்தசை தரும் கடி அவ்வளவு வலுவானதல்ல; மண்டையோடோ அதைவிடப் பன்மடங்கு விசையைத் தாங்கும். ஆகவே அது மேல்தாடையால் கோடரிபோல் வெட்டியிருக்கலாம் என்றது 2001இல் வெளியான ஆய்வு. மறு ஆண்டே மறுப்பும் எழுந்தது. மறுக்கத்தக்க விதத்தில் ஒன்றைச் சொல்வதுதானே அறிவியல்.

இந்தியாவுக்கும் இக்கதையில் இடமுண்டு. மகலனோபிஸின் அழைப்பை ஏற்று லண்டனிலிருந்து வந்த பமேலா ராபின்சன், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புவியியல் ஆய்வுப் பிரிவை உருவாக்கினார். அப்பிரிவினர் கோதாவரிப் படுகையில் தோண்டியெடுத்த பெருங்கால் டைனோசருக்கு, தாகூரின் நினைவாக, 1975இல் பராபாசரஸ் தாகூரி என்று பெயரிட்டனர். பெயரிட்டவர்களில் ஒருவரான சங்கர் சாட்டர்ஜி பின்னர் அமெரிக்கா சென்று, ஜாக் டெம்ப்ளின் என்ற விமானப் பொறியாளருடன் சேர்ந்து டெரோசர்கள் பறந்த விதத்தைக் கணித்தார். நான்கு சிறகுகள் கொண்ட மைக்ரோராப்டர், இரட்டைத்தள விமானம்போல் மிதந்திருக்கும் என்று 2007இல் அவ்விருவரும் எழுதினர்.

ஏன் மாணவர்கள்? ஒரு துறையின் எல்லையில் நிற்பவர்க்கே அடுத்த துறையின் கருவி கண்ணில் படுகிறது. பழைய கருத்தைக் காத்து நிற்கும் கடமை அவர்களுக்கு இல்லை. ஒரே எலும்போடு நான்கு ஆண்டுகள் குடியிருக்கும் பொறுமையும் அவர்களுக்கே வாய்க்கிறது. பிரிஸ்டலில் 1834இல் கிடைத்த தெக்கோடோன்டோசரஸின் எலும்புகளில் பல 1940இன் குண்டுவீச்சில் அழிந்தன. எஞ்சியவற்றை வைத்து அந்நகரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஒருவர் தன் பேராசிரியர்களுடன் சேர்ந்து கால் தசைகளை மீட்டெடுத்து, அது இரண்டு கால்களில் நடந்தது என்று 2022இல் காட்டினார். கண்டெடுத்த எலும்புக்கு 188 ஆண்டுகள் கழித்தும் வேலை இருந்திருக்கிறது.

எலும்பு இருந்தால்தான் அந்த வேலை. அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் விவரித்த புருகத்காயோசரஸை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அதன் கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியுள்ளது. உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளில் அதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். ஆனால் நொறுங்கும் தன்மைகொண்ட அந்த எலும்புகள் பின்னர் சிதைந்துபோயின. மிஞ்சியவை சில படங்களும் கோட்டோவியங்களும்தான். அதன் எடையை இன்று யார் கணித்தாலும் நிழலை அளப்பதுபோல்தான் ஆகும். உடலியக்கத்தைக் கணிக்கும் மென்பொருள்களில் சில இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த எலும்பைக் கடல் கடந்தும் அனுப்பலாம். நம் அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் உறங்கும் எலும்புகளை அவை பொடியாகும் முன் ஒரு மாணவரின் கைக்குத் தருவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தரவேண்டும் என்ற எண்ணம்தான் தேவை.