உறைந்த குருதி உரைத்த செய்தி



காயம்பட்ட இடத்தில் குருதி உறைவது உயிர்காக்கும் ஏற்பாடு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதில் பிழையேதுமில்லை. ஆயினும், அதே ஏற்பாடு புற்றுநோய் ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குப் பரவவும் துணை போகிறது. மருத்துவ உலகம் இதனை உணர நூறாண்டுக்கும் மேலாயிற்று. அந்த வரலாற்றையே இப்பதிவில் காணவிருக்கிறோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிசு நகரின் ஒத்தேல் தியூ மருத்துவமனையில் ஆர்மான் துரூசோ என்னும் பேராசிரியர் பணியாற்றினார். 1801ஆம் ஆண்டு தூர் நகரில் பிறந்தவர். தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறும் குழந்தைகளின் மூச்சுக்குழலைத் திறந்து உயிர்காக்கும் அறுவை முறையைப் பிரான்சில் பரப்பியவர்களுள் ஒருவர். நோயாளியின் படுக்கையருகே நின்று கண்டவற்றையே பாடமாக்கியவர் என்பதால், நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அவர்மேல் தனிப்பற்று எழுவது இயல்பே.

புற்றுநோயாளிகள் சிலருக்குக் கையோ காலோ வெளிறி வீங்கி வலிப்பதையும், அங்குள்ள சிரைகளில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதையும் அவர் கண்டார். இவ்விரண்டும் சேர்ந்து வருவதை அவர் நாட்டவரான பூயோ என்னும் மருத்துவர் 1823இலேயே குறித்திருந்தார். துரூசோ 1865இல் வெளிவந்த தம் விரிவுரையில் மேலும் ஓரடி எடுத்து வைத்தார். வயிற்று நோய் ஒன்று புண்ணா, புற்றா என்று துணிய முடியாத நிலையில் நோயாளியின் கையிலோ காலிலோ இவ்வுறைவு தோன்றினால், அது புற்றுநோய்தான் என்று முடிவு செய்யலாம் என்றார். இங்கே குருதி உறைவு நோயின் துன்பமாக மட்டுமன்றி, மறைந்திருக்கும் நோயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளமாகவும் ஆனது.

அந்த அடையாளம் அவர் உடலிலேயே தோன்றியது. வயிற்று நோயால் வருந்தி வந்த துரூசோ, 1867ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் தம் சிரையொன்றில் உறைவு ஏற்பட்டிருப்பதைக் கண்டார். இனித் தாம் மீளப்போவதில்லை என்றும், தம் நோய் இன்னதென்பதில் ஐயமே இல்லை என்றும் தம் மாணவரிடம் கூறினாராம். அவ்வாண்டு சூன் 23ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். தாம் கற்பித்த பாடத்தைத் தம் உடலிலேயே படித்தறிய நேர்ந்த ஆசிரியர் அவர். புற்றுநோயோடு சேர்ந்து வரும் இவ்வுறைவு நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதைப் படித்துவிட்டுக் கால் வீங்கியவரெல்லாம் கலங்க வேண்டா. காரணம் தெரியாமல் சிரையில் உறைவு ஏற்பட்ட 854 பேரைக் கனடாவில் ஓராண்டு தொடர்ந்து கவனித்தனர். 2015இல் வெளியான அவ்வாய்வில், புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 100க்கு ஏறத்தாழ நால்வர் மட்டுமே. எனினும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே மருத்துவரைக் காண வேண்டும். புற்றுநோய் இல்லாவிட்டாலும் அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கக்கூடும். காலில் உறைந்த குருதி நுரையீரலுக்குப் பயணம் செய்யும் என்பதை முதன்முதலில் தெளிவாக நிறுவியவர், துரூசோவின் காலத்தவரான செருமானிய அறிஞர் விர்ச்சோ.

இதுவரை எல்லாம் ஒரே திசையில்தான்: புற்றுநோய் வருகிறது, அதனால் குருதி உறைகிறது. எதிர்த்திசையிலும் உறவு இருக்கக்கூடுமோ? வியன்னாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பில்ரோத் 1878இல் உறைகட்டிக்குள்ளேயே புற்றணுக்கள் இருப்பதைக் கண்டார். உறைகட்டி அவற்றைச் சுமந்து செல்லும் ஓடமோ என்னும் ஐயம் அப்போதே எழுந்தது. 1889இல் இலண்டன் மருத்துவர் இசுடீபன் பேசட், புற்றணுவை விதைக்கும் அது சென்று தங்கும் உறுப்பை நிலத்திற்கும் ஒப்பிட்டு எழுதினார். ஆனால், விதை நிலத்தை அடையும்வரை வழியில் அதற்கு என்ன நேர்கிறது என்பது நெடுங்காலம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

உண்மையில் அந்த வழி மிகக் கொடியது. 1970இல் ஐசாயா ஃபிட்லர் என்னும் அறிவியலாளர் அடையாளமிட்ட புற்றணுக்களை எலிகளின் குருதியில் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழிந்தபோது ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு எஞ்சவில்லை. குருதியோட்டத்தின் விசையும் உடலின் காவல் அணுக்களும் அவற்றை அழித்துவிடுகின்றன. அப்படியானால் தப்பிப் பிழைக்கும் மிகச் சில அணுக்களுக்கு அடைக்கலம் தருவது யார்?

விடையின் முதல் துப்பு அதற்கு ஈராண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1968இல் அமெரிக்காவில் கேப்ரியல் காசிக்கும் அவர்தம் குழுவினரும் எலிகளின் குருதித் தட்டணுக்களைக் குறைத்தனர். டிங்கிக் காய்ச்சல் வந்த வீட்டார் நாள்தோறும் எண்ணிக்கை கேட்டுக் கலங்கும் அதே தட்டணுக்கள்தாம் இவை. தட்டணு குறைந்த எலிகளில் புற்றுநோய் பரவுவதும் குறைந்தது. தட்டணுக்களை மீண்டும் ஏற்றியபோது பரவலும் மீண்டது.

பின்வந்த ஆய்வுகள் இதன் உள்விவரத்தைக் காட்டின. குருதிநாளத்திற்கு வெளியேயுள்ள அணுக்களில் திசுக்காரணி என்னும் புரதம் உண்டு. நாளம் அறுபட்டால் குருதி அதனைத் தொடுகிறது, உறைதல் தொடங்குகிறது. புற்றணுக்கள் பலவும் இப்புரதத்தைத் தம் மேற்பரப்பிலேயே சுமந்து திரிகின்றன. ஆகவே, அவை குருதிக்குள் நுழைந்ததும் உடல் அங்கே காயம் ஏற்பட்டதாக ஏமாந்துபோய், தட்டணுக்களையும் ஃபைப்ரின் நார்களையும் அனுப்பி அவற்றைச் சுற்றிப் போர்த்திவிடுகிறது. பகைவனுக்குக் காவலரே கவசம் அணிவித்த கதை! 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் இதனை நுட்பமாக மெய்ப்பித்தனர். ஃபைப்ரின் உண்டாகாத எலிகளில் புற்றுப் பரவல் குறைந்தது. ஆனால், புற்றணுக்களைத் தாக்கும் இயற்கைக் கொல்லணுக்களையும் நீக்கிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்தது. கொல்வதற்கு ஆளில்லாத இடத்தில் கவசம் எதற்கு? 2011இல் மற்றொரு குழு, தட்டணுக்கள் கவசமாவதோடு நில்லாமல், புற்றணுக்களுக்கு ஊடுருவும் ஆற்றலைத் தூண்டும் செய்தியையும் தருகின்றன என்று காட்டியது.

அவ்வாறாயின் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தே புற்றுநோய்க்கும் மருந்தாகாதா? இக்கேள்வியை மருத்துவர்கள் முன்பே கேட்டுவிட்டார்கள். 1981இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், ஒருவகை நுரையீரல் புற்றுநோயாளர் 50 பேரிடம் வார்ஃபரின் மருந்து ஆராயப்பட்டது. (எலிப் பாடாணமாக 1948இல் விற்பனைக்கு வந்த பொருள்தான் இது.) வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் ஏறத்தாழ 24 வாரமும், வார்ஃபரினும் சேர்த்துப் பெற்றோர் 50 வாரமும் வாழ்ந்தனர். எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால், பின்னாளைய பெரிய ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தாங்கவில்லை. 2016இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 2,202 நுரையீரல் புற்றுநோயாளர் பங்குபெற்றனர். எப்பாரின் வகை மருந்து பெற்றவர்களுக்கு உறைகட்டிகள் குறைந்தன, குருதிக்கசிவு கூடியது, வாழ்நாள் மட்டும் நீளவில்லை. எலியில் தெளிவாகத் தெரிந்தது மனிதரில் ஏன் கைகூடவில்லை? நோய் கண்டறியப்படும்போதே அது பரவியிருந்தால், பயணத்தைத் தடுக்கும் மருந்து காலங்கடந்து வருகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இப்போது பார்வை ஆசுபிரின் மாத்திரைமீது திரும்பியிருக்கிறது. தட்டணுக்கள் சுரக்கும் துராம்பாக்சேன் என்னும் பொருள் உடலின் காவலணுக்களை மந்தப்படுத்துவதையும், எலிகளில் ஆசுபிரின் அதனைத் தடுத்துப் புற்றுப் பரவலைக் குறைப்பதையும் கேம்பிரிட்சு ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் பெருங்குடல் புற்றுநோய் பற்றிய இரண்டு ஆய்வுகளின் முடிவுகளும் வந்தன. சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையம் முன்னின்று நடத்திய ஆய்வில், சிகிச்சை முடித்த நோயாளர்கள் மூன்றாண்டு ஆசுபிரின் உட்கொண்டும் நோய் மீள்வது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. சுவீடன் தலைமையிலான ஆய்வோ, புற்றுக்கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்துகொண்டது. அவர்களிடையே நோய் மீள்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆகவே, ஆசுபிரின் எவருக்கு உதவும் என்பதை அறியப் புற்றுக்கட்டியின் மரபணுவைச் சோதித்தாக வேண்டும். வயிற்றிலும் மூளையிலும் குருதிக்கசிவை உண்டாக்கவல்ல மாத்திரை அது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக, வீட்டுப் பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேளாமல் யாரும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டா.