கார்ட்டர், ராபர்ட் (மூன்றாமவர்)

கார்ட்டர், ராபர்ட் (1728–1804): வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்ட முதலாளி, ‘கிங்’ கார்ட்டர் எனப்பட்ட பெருநிலக்கிழாரின் பேரன். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். நொமினி ஹால் தோட்டம் உள்ளிட்ட பல்லாயிரம் ஏக்கருக்கு வாரிசானார். 1758 முதல் ஆளுநரின் ஆலோசனை மன்ற உறுப்பினர். 1778இல் பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். அடிமைமுறையை அவர் வெறுத்ததில் இந்தச் சமயப் பற்றுக்குப் பெரும் பங்குண்டு.

1791இல் நார்தம்பர்லாந்து மாவட்ட நீதிமன்றத்தில் விடுதலைப் பத்திரம் ஒன்றைப் பதிவுசெய்தார். தம்மிடம் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 500 பேரை ஆண்டுதோறும் சிலராக விடுவிக்க அது வழிவகுத்தது. சிறுவர்கள் உரிய வயது வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அண்டைத் தோட்டக்காரர்கள் கொதித்தனர், சொந்தப் பிள்ளைகளும் எதிர்த்தனர். கார்ட்டர் பின்வாங்கவில்லை. அவரைப் போலவே வர்ஜீனியத் தோட்ட முதலாளிகளான ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் வாழும் காலத்தில் துணியாத செயல் இது. 1793இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்து அங்கேயே காலமானார். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் தனியொருவர் செய்த மிகப் பெரிய அடிமை விடுதலையாக 1791இல் அவர் தொடங்கிய விடுதலை கருதப்படுகிறது.