காற்றுவீழ்ச்சியா, வேர்நோயா? ஒரு பெயரின் வரலாறு

இடப்பள்ளி இன்று இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் சந்திப்பாகவும் மெட்ரோ நிலையமாகவுமே பலருக்குத் தெரியும். கொச்சி நகரம் அதை விழுங்குவதற்கு முன் அது பறம்புகளின் ஊர். வீட்டைச் சுற்றித் தென்னை, பலா, மா, கமுகு, கமுகில் படர்ந்த மிளகு என அடுக்கடுக்காக வளரும் தோட்டத்தையே மலையாளத்தில் பறம்பு என்பர். எஞ்சியிருக்கும் துண்டு நிலங்களில் நிற்கும் தென்னைகள் சிலவற்றில் ஓலையின் இலைக்கீற்றுகள் விறைப்பிழந்து, விலா எலும்புகளைப் போல உள்நோக்கி வளைந்திருக்கும். அடியோலைகள் மஞ்சளிக்கும், கீற்றின் விளிம்புகள் கருகும். மரம் உடனே சாவதில்லை. பல ஆண்டுகள் குறைந்த காய்ப்போடு நின்றுகொண்டே இருக்கும்.

இந்நோய்க்கு மலையாளிகள் வைத்த பெயர் ‘காற்றுவீழ்ச்ச’. அறிவியல் நூல்கள் வைத்த பெயர் ‘வேர் வாடல்’. இவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

1882ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் மீனச்சில் வட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் இந்நோய் முதலில் கவனிக்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. அங்கிருந்து அது பரவியபோது திருவிதாங்கூர் அரசு கலங்கியது. கொப்பரையும் எண்ணெயும் கயிறும் அந்நாட்டின் வருவாய்க்கு அடித்தளமாக இருந்தன. பூசாவிலிருந்த பேரரசுப் பூஞ்சையியலாளர் எட்வின் பட்லர் ஆராய வந்தார். அவரது அறிக்கை 1908இல் வெளியாயிற்று. அழுகிய வேர்களில் கண்ட பூஞ்சையை அவர் குற்றவாளியாகக் கருதினார். பிற்காலத்தில் பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண்ணின் சத்துக்குறை என ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றப்பட்டன. எதுவும் முழுமையாக நிரூபணமாகவில்லை. பெயரில் மட்டும் ‘வேர்’ தங்கிவிட்டது.

அக்காலத்து அறிஞர்களை இதற்காகக் குறை கூறுவது நியாயமாகாது. அதே தலைமுறையில் மைசூர் அரசின் லெஸ்லி கோல்மன், கமுகுக் குலைகளை மழைக்காலத்தில் அழுகி உதிரச் செய்த ‘கொளெரோக’ நோயைப் போர்டோ கலவை தெளித்துக் கட்டுப்படுத்தலாம் எனக் காட்டினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்நீரை மழைக்கு முன்பே குலையில் படியச் செய்ய வேண்டும். இன்றும் அதுவே வழி. ஒரு நோய், ஒரு கிருமி, ஒரு மருந்து என்னும் நம்பிக்கைக்குக் கமுகு சான்றாக நின்றது. தென்னைக்கும் அப்படியொரு மருந்து கிடைக்கும் என எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

நாற்பதுகளின் இறுதியில் காயங்குளத்தில் தனி ஆய்வு நிலையமே அமைந்தது. 1983இல்தான் மின்னணு நுண்ணோக்கியின் வழியே, நோயுற்ற மரத்தின் உணவுக்குழாய்த் திசுவில் பைட்டோபிளாஸ்மா எனும் செல்சுவரற்ற நுண்ணுயிர் காணப்பட்டது. அதைச் சுமந்து செல்பவை கண்ணாடி இறக்கைப் பூச்சியும் ஒருவகைத் தத்துப்பூச்சியும் எனப் பின்னர் தெளிவாயிற்று. மரத்துக்கு மரம் நோய் போவது பறக்கும் பூச்சியால். வேர் அழுகல் விளைவுகளுள் ஒன்றே. ‘காற்று’ என்று பெயரிட்ட உழவருக்குப் பூச்சியைப் பற்றித் தெரிந்திருந்தது எனக் கூறுவது மிகை. ஆனால் அவர்களது பெயர் வேரைத் தோண்டச் சொல்லவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம்.

நோய்முதல் தெரிந்த பின்னும் மருந்து வரவில்லை. 1984ஆம் ஆண்டைய கணக்கெடுப்பு, திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரையிலான எட்டு மாவட்டங்களில் ஆண்டுக்குச் சுமார் 96.8 கோடிக் காய்கள் இழப்பு என மதிப்பிட்டது. ஆய்வு நிலையங்கள் கடைசியில் பரிந்துரைத்தது பராமரிப்பையே: ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகத் தரும், முற்றிய நோயுள்ள மரத்தை அகற்றுவது, மற்றவற்றுக்குத் தொழுவுரம், மெக்னீசியம் சல்பேட், தழையுரம்.

அப்பரிந்துரையின் கால அட்டவணையே வரலாற்று மாணவர் நின்று பார்க்க வேண்டிய இடம். மானாவாரித் தென்னைக்கு உரத்தில் மூன்றிலொரு பங்கு கோடை மழையோடு; மீதி செப்டம்பர், அக்டோபரில். தடத்தில் தட்டைப்பயறோ சணப்போ விதைப்பது ஏப்ரல், மே மாதங்களில். மடக்கி மண்ணில் சேர்ப்பது மழை ஓய்ந்தபின். இடவத்தில், அதாவது நமது வைகாசியில், தடம் திறந்து சாம்பலும் பச்சிலையும் இட்டு, துலாமாகிய ஐப்பசியில் மூடுவது பறம்பின் பழைய முறை. ஆண்டை இருபத்தேழு ஞாற்றுவேலைகளாகப் பிரித்து, திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நட்ட மரபின் ஒரு பகுதி அது. பருவக்காற்று மாறாதவரை அட்டவணையும் பெரிதாக மாற வழியில்லை.

மாறியது வேறொன்று. காய் பறிக்க ஏறுபவரே முன்பு மரத்தின் கொண்டையையும் சுத்தம் செய்வார். காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பார். குருத்தழுகலின் முதல் அறிகுறியை அவரே கண்டு சொல்வார். ஏறுவோர் அருகியபோது மரத்தை நாற்பத்தைந்து நாளுக்கொரு முறை மேலிருந்து பார்த்த கண்களும் போயின. நகர்ப்புறப் பறம்பில் நோயுற்ற மரம் வெட்டப்படுவதுமில்லை, பேணப்படுவதுமில்லை; பூச்சிக்கு உணவாக நிற்கிறது.

காயங்குளம் வழங்கிய ‘கல்பரக்‌ஷா’, ‘கல்பஸ்ரீ’ முதலிய தாங்குதிறன் இரகங்கள் இன்று நடப்படுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலும் செங்கோட்டையிலும் நுழைந்த நோய் இப்போது பொள்ளாச்சித் தோப்புகளை வாட்டுகிறது. அங்கே அதற்குப் பெயர் ‘கேரள வேர் வாடல்’.